இன்டர்நேஷனல் ஸ்கூல்ல பொண்ணைச் சேத்து எட்டு வருஷம் ஆச்சு, எங்க அனுபவம்

2017 ஆகஸ்ட்ல பொண்ணை சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் டே ஸ்கூல்ல கிரேடு 1ல சேத்தோம், இப்ப கிரேடு 9. ஸ்கூல் பேரு வேணாம், நல்லதும் சொல்வேன் கெட்டதும் சொல்வேன். சொந்தக்காரங்க, ஆபீஸ்ல இருக்குறவங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது "சேக்கலாமா"ன்னு கேக்குறாங்க, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு.

காசு விஷயத்தை மொதல்ல முடிச்சிடுறேன். சேரும்போது வருஷத்துக்கு 3.6 லட்சம், இப்ப 6.5. பஸ் தனி, யூனிஃபார்ம் தனி, அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு சப்ஜெக்ட் சப்ஜெக்ட்டா தனியா கட்டணும். மத்தியானச் சாப்பாடு ஃபீஸ்லயே அடக்கம், நல்லாதான் இருக்குமாம், சாம்பார் மட்டும் இனிக்குதுன்னு எட்டு வருஷமா ஒரே புலம்பல். டே ஸ்கூல்ன்னா புள்ள சாயங்காலம் நம்மகிட்ட வந்துடும்னு நெனச்சுதான் சேத்தோம், ஆனா வேளச்சேரிலேர்ந்து 6.50க்கு பஸ் ஏறுறவ மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுல ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வர அஞ்சு ஆயிடுது, வந்ததும் தூங்கிடுவா.

இங்க அஞ்சாவது வரைக்கும் ஐபியோட (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) சின்னப் புள்ளைங்களுக்கான பாடத்திட்டம் பிஒய்பி, ஆறுலேர்ந்து இங்கிலாந்தோட கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், 11, 12க்கு மறுபடி ஐபி டிப்ளமோ. பிஒய்பி வருஷங்கள்தான் உண்மையிலேயே காசுக்கு மதிப்புன்னு சொல்லுவேன். வருஷத்துக்கு ஆறு தலைப்பு, அதுக்குள்ளயே சயின்ஸ், சோஷியல், மொழி எல்லாம் வந்துடும், டெக்ஸ்ட்புக்னு ஒண்ணு கையில இருக்காது. ரிப்போர்ட் கார்டுல மார்க்கும் கிடையாது, பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல எழுதியிருப்பாங்க. எங்க மாமனார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதை முழுசாப் படிச்சுட்டு "எல்லாம் சரிம்மா, பாஸா ஃபெயிலா?"ன்னார். என்கிட்டயும் பதில் இல்ல.

அஞ்சாவது கடைசியில எக்ஸிபிஷன்னு ஒண்ணு உண்டு, புள்ளைங்களே ஒரு பிரச்சினைய எடுத்து வாரக்கணக்குல ஆராய்ஞ்சு எல்லார் முன்னாடியும் பேசணும். 2022ல கொரோனா முடிஞ்சு ஸ்கூல் தெறந்த கையோட இவ குரூப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை எடுத்துச்சு. பெருங்குடி குப்பைமேடு பக்கம் போய்ப் பாத்துட்டு வந்து, நம்ம வீட்டுக் குப்பை தெருவுலேர்ந்து அங்க எப்படிப் போகுதுன்னு வரைஞ்சு, குப்பை எடுக்க வர்ற அக்காகிட்ட பேட்டி எடுத்து, பத்து வயசுல பயமில்லாம நின்னு பேசுனா. அதே வருஷம் பள்ளிக்கரணை ராம்சார்ங்குற உலக சதுப்பு நிலங்கள் லிஸ்ட்ல சேந்தப்ப நியூஸ் பாத்துட்டு வீடே அதிர்ற மாதிரி கத்துனா. நான் படிச்ச ஸ்கூல்ல கேள்வி கேக்க எந்திரிச்சாலே பெஞ்சு மேல ஏத்திடுவாங்க.

அப்புறம் ஆறாவது வந்துச்சு. திடீர்னு கணக்கு, சயின்ஸ், டெஸ்ட், மார்க்கு. பக்கத்து வீட்டு சிபிஎஸ்இ பையன் 13ஆம் வாய்ப்பாடு கடகடன்னு சொல்றான், இவ 7க்கே விரல் மடக்குறா. அந்த வருஷம் பாத்து கணக்குக்கு மட்டும் மூணு டீச்சர் மாறினாங்க, ரொம்ப நல்லா நடத்துன ஒருத்தங்க நவம்பர்ல துபாய்ல வேலை கெடச்சுப் போயிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அங்க சம்பளம் அப்படி. போனா போன எடத்துக்கு சட்டுனு ஆள் போடணுமா இல்லையா? ரெண்டு மாசம் விளையாட்டு டீச்சர் வந்து க்ளாஸைப் பாத்துக்கிட்டார். கேட்டா "ட்ரான்சிஷன் பீரியட்"ங்குறாங்க. அப்ப விட்ட பின்னத்தையும் அல்ஜீப்ராவையும் புடிக்க எங்களுக்கு ஒண்ணரை வருஷம், மணிக்கு 1,000 ரூபான்னு ஆன்லைன் ட்யூஷன். ட்யூஷனே வேணாம்னு சொல்லித்தான் சேத்தாங்க, இப்ப இவ க்ளாஸ்ல பாதிப் பேரு போறாங்க.

ஐஜிசிஎஸ்ஈ, அதான் பத்தாவதுல எழுதுற கேம்பிரிட்ஜ் பரீட்சை, அதைப் பத்தி சேரும்போது யாரும் சொல்லாத ரெண்டு விஷயம். கோர், எக்ஸ்டெண்டட்னு கணக்குல ரெண்டு லெவல் இருக்கு, கோர்ல போட்டா எவ்வளவு நல்லா எழுதுனாலும் சி கிரேடுக்கு மேல கெடைக்காது. ஒம்பதாவதுலயே ஸ்கூல் அதை முடிவு பண்ணிடும், நீங்க உக்காந்து பேசணும். இன்னொண்ணு சயின்ஸ் ப்ராக்டிகல். ஸ்கூல் சுத்திக் காட்டுறப்ப பளபளன்னு லேப் காட்டுவாங்கல்ல, பரீட்சைக்கு வர்றப்ப எங்க ஸ்கூல் எடுத்திருக்கறது பேப்பர் 6, அதாவது ப்ராக்டிகலுக்குப் பதிலா எழுத்துல பதில் சொல்ற பேப்பர். விதிப்படி அதுல தப்பில்ல, ஆனா பசங்க லேப் பக்கம் போறது கொறஞ்சு போச்சு.

நீட், ஜேஈஈ நெனப்பு இருக்குறவங்க நல்லா யோசிங்க. ஐபி டிப்ளமோவ ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம்) ப்ளஸ் டூவுக்குச் சமமா ஏத்துக்குது, அதுல பயம் வேணாம், ஆனா அந்தப் பரீட்சைக்கெல்லாம் என்சிஇஆர்டி புக்கைத் தனியா உக்காந்து படிச்சே ஆகணும். பத்தாவதோட வெளிய வரணும்னா கேம்பிரிட்ஜ் இந்தியாவுக்குன்னே ஒரு மார்ச் பரீட்சை வெச்சிருக்கு, ரிசல்ட் மே மாசமே வந்துடும், ஜூன்ல வேற ஸ்கூல்ல பதினொண்ணு சேரலாம். மே-ஜூன் பரீட்சை எழுதுனா ரிசல்ட்டே ஆகஸ்ட்லதான். நாங்க மார்ச் கேட்டிருக்கோம். இவ சைக்காலஜி படிக்கணும்ங்குறா, இங்கயே டிப்ளமோ பண்ணட்டும்னு நான், அவ்வளவு காசான்னு என் வீட்டுக்காரர், வீட்டுல இன்னும் பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு.

தமிழ் வாரத்துக்கு ரெண்டு பீரியட், ஞாயித்துக்கெழமை தாத்தாகிட்ட உக்காந்துதான் படிக்கக் கத்துக்கிட்டா.

ஸ்கூல் பாக்கப் போறவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. கிரேடு 6லேர்ந்து 10 வரைக்கும் கணக்கு, சயின்ஸ் டீச்சருங்க ஒவ்வொருத்தரும் எத்தனை வருஷமா இங்க இருக்காங்கன்னு கேளுங்க. உடனே பேச்சை ஸ்விம்மிங் பூல் பக்கம் திருப்புவாங்க, எங்களுக்கும் திருப்புனாங்க, நாங்களும் போய் ஆன்னு பூலைப் பாத்துட்டு வந்து அட்வான்ஸ் கட்டிட்டோம்.