பாட நிர்ணயத் தேர்வு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு என் மதிப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கல்வி ஆலோசகராக இருக்கிறேன். கோடை மாதங்களில் என் வேலையில் பாதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: இந்த மாணவர் முதல் பருவத்தில் எந்தக் கணித வகுப்பில் போய் உட்கார வேண்டும்? கல்லூரி இயற்கணிதமா, நுண்கணிதத்துக்கு முந்தைய பாடமா, நேரடியாக நுண்கணிதமா, இல்லை புள்ளியியலா? இதைத் தீர்மானிக்க நாங்கள் வைத்திருப்பது அலெக்ஸ் பிபிஎல் என்ற இணையவழித் தேர்வு. அதன் மதிப்பெண்களோடு பல ஆண்டுகள் புழங்கிய பிறகு என் கருத்து இது: நுண்கணிதத்தை நோக்கிப் போகிற மாணவருக்கு இது நல்ல கருவி. புள்ளியியலுக்குப் போகிறவரின் வழியில் இதைக் காவலுக்கு நிறுத்துவது வீண்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பலருக்கு இங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. அதிகபட்சம் 30 கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அமுக்கித் தப்ப முடியாது. சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறிக்கொண்டே போகும். தேவைப்படும் கேள்விக்கு மட்டும் திரையிலேயே கால்குலேட்டர் தோன்றும். இதன் அடித்தளம், ழான்-போல் துவாஞோனும் ழான்-குளோத் ஃபல்மாஞும் 1985இல் முன்வைத்த ‘அறிவு வெளி’க் கோட்பாடு. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கத் தெரிந்தவருக்கு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கத் தெரிந்திருக்கும். அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்துக்கொண்டே போவதால், குறைந்த கேள்விகளில் பெரிய பாடப்பரப்பை அளந்துவிட முடிகிறது.

ஆகவே 62 என்று மதிப்பெண் வந்தால், கேட்டவற்றில் 62 விழுக்காடு சரி என்று பொருளல்ல. மொத்தப் பாடத்தலைப்புகளில் இவ்வளவு பங்கு இவருக்குக் கைவந்திருக்கிறது என்ற மதிப்பீடு அது. பள்ளியில் 95க்குக் கீழே இறங்காத பிள்ளைக்கு 62 வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. அது தேர்ச்சி-தோல்வி மதிப்பெண்ணே அல்ல என்பதை ஒவ்வொரு கோடையிலும் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது. (பெற்றோர் தொலைபேசியில் கேட்டால் நான் பொதுவாகத்தான் விளக்க முடியும். 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுகள் சட்டப்படி, மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய மதிப்பெண்ணைப் பெற்றோரிடம்கூடப் பேச எனக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை.)

எனக்குப் பிடித்த அம்சம், தேர்வு முடிந்த பிறகு திறக்கிற பயிற்சிப் பகுதி. எது தெரியும், எது தெரியாது என்று வட்ட வரைபடமாகக் காட்டிவிட்டு, தெரியாததிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறது. மடக்கை மறந்திருந்தால் மடக்கை. முக்கோணவியல் ஆட்டம் கண்டிருந்தால் முக்கோணவியல். சில வாரம் அதில் மெனக்கெட்டு மறுபடியும் எழுதுகிற மாணவர்கள், மதிப்பெண் ஏறியதோடு நிற்காமல் செப்டம்பரில் வகுப்பிலும் நன்றாக நிற்கிறார்கள். ஆனால் பலர் இந்தப் பகுதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஜூலையில், பள்ளிக் கணக்கு நோட்டைப் பரணில் போட்டபின், இரவு பதினொரு மணிக்குச் சோபாவில் சாய்ந்தபடி எழுதிவிட்டு, வந்த மதிப்பெண்ணைத் தலைவிதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘தெரியாது’ என்ற பொத்தானை நேர்மையாக அமுக்கவும் மாட்டார்கள். அதை அமுக்கினால் அவமானம் என்று நினைப்பு. ஊகித்து எழுதிய விடை தற்செயலாகச் சரியாகிவிட்டால், தேர்வு அவர்களைத் தேவையில்லாத உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இருந்து உதவி வாங்கிய மதிப்பெண்களும் வருவதுண்டு. அந்தக் கடனை அக்டோபரில் முதல் இடைத்தேர்வு வட்டியோடு வசூலித்துவிடும். இதைத் தடுக்க எங்கள் நிர்வாகம் கேமரா கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தது. பார்வை திரையை விட்டு விலகினால் அது சந்தேகக் குறியிடும். கணக்குப் போடுகிறவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்க்காமல் எப்படி இருப்பான்? உண்மையாகத் திருட்டுத்தனம் செய்தவர்களைவிட, யோசித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள்.

அடுத்தது எல்லைக்கோடு. நுண்கணிதத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் 75ஐ ஒட்டிக் கட்-ஆஃப் வைத்திருக்கின்றன. 74 வாங்கியவர் என் அறையில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பார். 76 வாங்கியவர் எதுவும் கேட்காமல் பதிவு செய்துகொண்டு போய்விடுவார். அந்த இரண்டு மதிப்பெண்ணில் எந்த உண்மையும் இல்லை. நான் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: பள்ளியின் கடைசி ஆண்டில் கணிதம் படித்தீர்களா, அதில் என்ன கிரேடு? கடைசி ஆண்டு கணிதமே எடுக்காத 76ஐவிட, வருடம் முழுக்க உழைத்து நல்ல கிரேடு வாங்கிய 74 மேல். ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரிகள்) அக்காலத்தில் நடந்த நிர்ணயத் தேர்வுகளை ஆராய்ந்தபோது, கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மிகத் தவறான வகுப்பில் போடப்பட்டிருந்தார் என்றும், பள்ளி மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்த்தால் பிழை குறையும் என்றும் கண்டார்கள். அந்தத் தேர்வுகளில் பெரியவற்றில் ஒன்றான காம்பஸை, நடத்திய நிறுவனமே 2016இல் கைவிட்டுவிட்டது.

இனி புள்ளியியல். என் பொறுமை தீர்ந்துபோவது இங்கேதான்.

உளவியல் படிக்க வந்த ஒரு பெண்மணி. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க வந்தவர். மதிப்பெண் 34. அப்போது எங்கள் துறை, தொடக்கநிலைப் புள்ளியியலுக்கே 46 வேண்டும் என்று வைத்திருந்தது. அவர் இடறிய இடத்தை வரைபடத்தில் பார்த்தேன்: விகிதமுறு கோவைகள். மேலும் கீழும் இருபடிக் கோவைகளை வைத்து, காரணிப்படுத்தி, பொதுக் காரணியை அடித்துச் சுருக்கும் கணக்கு. “இது எனக்குப் புள்ளியியலில் எந்த வாரம் வரும், சார்?” என்று கேட்டார். எந்த வாரத்திலும் வராது.

அந்த வகுப்பில் உண்மையில் வருவது இப்படிப்பட்ட கேள்வி: 400 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்டதில் 52 விழுக்காட்டினர் ஒரு திட்டத்தை ஆதரிக்கிறார்கள், மக்களில் பாதிக்கு மேல் ஆதரவு என்று சொல்லிவிடலாமா? 0.52ஐ 0.48ஆல் பெருக்கி, 400ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.025. அதை இரட்டித்தால் பிழை வரம்பு 5 விழுக்காட்டுப் புள்ளிகள். ஆக 47 முதல் 57 வரை. 50 அதற்குள்ளேயே இருக்கிறது, அடித்துச் சொல்ல முடியாது. கால்குலேட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. கடினம் அடுத்த வரியில் இருக்கிறது. “உண்மை மதிப்பு 47க்கும் 57க்கும் இடையில் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு” என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். இதே முறையில் மீண்டும் மீண்டும் கூறெடுத்தால், அப்படிக் கிடைக்கும் இடைவெளிகளில் 95 விழுக்காடு உண்மை மதிப்பைப் பிடித்திருக்கும் என்பதே பாடம் சொல்வது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நிதானமாக வாசித்து உணரும் திறனை எந்த இயற்கணிதத் தேர்வும் அளப்பதில்லை. அதற்காக அது செய்யப்படவும் இல்லை. குற்றம் கருவியுடையதல்ல, அதை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவர்களுடையது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அடிப்படை இயற்கணிதம் தேவை என்று முத்திரை குத்தப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வாராந்திரப் பயிற்சி வகுப்போடு நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியலில் சேர்த்தார்கள். அவர்களில் 56 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள். அடிப்படை இயற்கணிதத்தில் போடப்பட்டவர்களில் 39 விழுக்காடு. அதே பாடத்தோடு பயிற்சி வகுப்பும் பெற்றவர்களில் 45 விழுக்காடு. கடினமென்று கருதப்பட்ட பாடத்தில் கூடுதல் தேர்ச்சி! கலிஃபோர்னியா 2017இல் ஏபி 705 (AB 705) என்ற மாநிலச் சட்டத்தின் மூலம், சமுதாயக் கல்லூரிகள் மாணவரை, பள்ளி அடிப்படையையே திரும்பச் சொல்லித்தரும் துணைநிலைப் பாடங்களில் தேக்கிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. பள்ளிப் பதிவுகளைக் கொண்டே வகுப்பைத் தீர்மானிக்கும் முறைக்கு வழிவிட்டது.

எங்கள் துறையும் பின்னர் இறங்கிவந்தது. இப்போது புள்ளியியலுக்குக் கட்-ஆஃப் இல்லை. குறைந்த மதிப்பெண்காரர்களுக்கு வாரத்தில் கூடுதலாக ஒரு உதவி வகுப்பு கட்டாயம். பின்னம், விழுக்காடு, சூத்திரத்தில் எண்ணைப் பொருத்துதல், நேர்க்கோட்டின் சாய்வு ஆகியவற்றைப் பாடத்துக்குத் தேவைப்படும் வாரத்திலேயே அங்கே சொல்லித்தருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வராமல் ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

பள்ளியிலேயே ஏபி (AP, பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைத் தேர்வு) நுண்கணிதம் அல்லது ஏபி புள்ளியியல் எழுதியவர்கள், அந்த மதிப்பெண்ணுக்கு விலக்கு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் உண்டு. இருந்தால் இந்தத் தேர்வையே எழுத வேண்டியிருக்காது.

புள்ளியியல் வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவர்கள் மனம் மாறுவார்கள். உளவியலில் சேர்ந்தவர் இரண்டாம் பருவத்தில் கணினி அறிவியலுக்கோ பொருளாதாரத்துக்கோ தாவ நினைத்தால், புள்ளியியலில் வாங்கிய ‘ஏ’ அவரை நுண்கணித வகுப்புக்குள் விடாது. இயற்கணிதத்தைத் தவிர்த்துவிட்டு வந்தவர் அங்கே ஒரு வருடம் பின்தங்கிவிடுகிறார். அதனால், எங்கே சேரப்போகிறீர்கள் என்பதோடு, எங்கே மாற வாய்ப்பிருக்கிறது என்றும் கேட்டுவிடுகிறேன். கொஞ்சமாவது தயங்கினால் புள்ளியியலில் பதிவு செய்துகொடுத்துவிட்டு, பயிற்சிப் பகுதியின் அனுமதி முடியும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். பொதுவாக அது ஆறு மாதம்தான். குளிர்கால விடுமுறைக்குள் அதை முடித்து மறுபடி எழுதினால், வசந்த காலப் பருவத்தில் வழி மாறலாம்.