15 மெகாபிக்சல் மோனோ மானிட்டர்: சப்-பிக்சலால் யாருக்குப் பலன்?

மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படிக்கும் 5 மெகாபிக்சல் மோனோ (கறுப்பு-வெள்ளை) மானிட்டரின் பெட்டியில் '15 மெகாபிக்சல்' என்று போட்டிருந்தால் கணக்கு சரிதான். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் மூன்று சப்-பிக்சல்களையும் தனித்தனியாக இயக்கினால் 5 மெகாபிக்சல் 15 ஆகும். ஜப்பானிய மானிட்டர் நிறுவனமான டோட்டோகு இதை ஐ.எஸ்.டி. என்ற பெயரில் விற்றது. ஆனால் அந்த மூன்று மடங்கு முழுவதும் ஒரே திசையில் கிடைப்பது. மற்றத் திசையில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது.

எல்.சி.டி. பேனலில் ஒவ்வொரு பிக்சலும் மூன்று பட்டைகளாக (சப்-பிக்சல்) பிரிந்திருக்கிறது. கலர் திரையில் அவற்றின் மேல் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் இருக்கும். மோனோவில் ஃபில்டர் இல்லாததால் மூன்றும் வெள்ளை, வெளிச்சமும் அதிகம். வழக்கமான முறையில் மூன்றும் சேர்ந்து ஒரே புள்ளியாக எரியும். சப்-பிக்சல் முறையில் ஒவ்வொரு பட்டைக்கும் படத்தின் தனித்தனி மதிப்பு போகிறது. 21.3 அங்குல, 2048 × 2560 திரையில் பிக்சல் அளவு 0.165 மி.மீ., பட்டை 0.055 மி.மீ. மில்லிமீட்டருக்குச் சுமார் 3 லைன் பேர் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்த ஜோடி) என்ற வரம்பு அந்தத் திசையில் 9 ஆகிறது.

பலன் தெரிவது, திரையைவிடப் பெரிய படத்தைச் சுருக்கிக் காட்டும்போதுதான். புள்ளி அளவு 70 மைக்ரான் உள்ள எக்ஸ்ரே டிடெக்டரின் 3328 × 4096 படத்தை முழுதாகத் திரையில் அடக்கினால், நீளவாட்டில் 4096 புள்ளிகள் 2560-இல் நெருக்கப்பட்டு நுண்ணிய கால்சியத் துகள்கள் மங்கும். பட்டைகள் நீளவாட்டில் அடுக்கப்பட்ட திரையில் 7680 இடங்கள் இருப்பதால் அவை தப்பிக்கும். சாய்ந்த கோடுகளின் படிக்கட்டுத் தோற்றமும் குறையும். படத்தை 1:1 அளவுக்கு (படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு பிக்சல்) பெரிதாக்கிவிட்டால் இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை. 512 × 512 சி.டி. படத்துக்காக இதற்குக் கூடுதல் பணம் தருவது வீண்.

மானிட்டர் மட்டும் போதாது என்பதைத்தான் விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. மூன்று மதிப்புகளையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் அடைத்து அனுப்பும் முறையில், படத்தைத் திறக்கும் வியூவர் மென்பொருளுக்கு அப்படி அடைத்து அனுப்பத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 15 மெகாபிக்சல் திரை பழைய 5 மெகாபிக்சலாகவே ஓடும், எச்சரிக்கை எதுவும் வராது. இடையில் நிறத் தகவலைச் சுருக்கும் கே.வி.எம். நீட்டிப்போ (கணினியைத் தொலைவில் வைத்து கீபோர்டு, திரை, மவுஸை நீட்டும் கருவி) ரிமோட் டெஸ்க்டாப்போ இருந்தால் கூடுதல் கூர்மை அங்கேயே கரைந்துவிடும். இயக்க முறைமையின் கலர் திருத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். அது மூன்று சேனல்களையும் கலந்துவிடும். திரையை 180 பாகை திருப்பிப் பொருத்தினால் பட்டைகளின் வரிசை தலைகீழாகும். டிரைவரில் மாற்றாவிட்டால் விளிம்புகள் முன்பைவிட மோசமாகப் பிசிறடிக்கும்.

வாங்குமுன் சோதிக்க, உங்கள் வியூவரிலேயே லேசாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள் கொண்ட படத்தைச் சுருக்கிய அளவில் திறந்து, சப்-பிக்சல் முறையை மாறி மாறிப் போட்டு அணைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிட வேண்டாம். கலர் திரையில் அது நிறக் கரைகளோடுதான் தெரியும். அப்படி நிறக் கரை விழுந்தால் மூன்று மதிப்புகளும் சேனல்களில் அடைத்து அனுப்பப்படுகின்றன என்றும் அறியலாம். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான தரநிலை) சாம்பல் அளவீட்டை இந்த முறை இயங்கும் நிலையிலும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.