பெரியவர்களுக்கு ஸ்பீச் தெரபி: 14 முறை போய்வந்த அனுபவம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் திக்குவாய் இல்லை. என் பிரச்சினை வேகம். வாயைத் திறந்தால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும், நடுவில் பாதி எழுத்து காணாமல் போகும், எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் வேகமாகச் சொல்வேன். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வேலையில் அப்படி இல்லை. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன், நாள் முழுக்க போன்தான். போன வருடம் நாக்பூர் டீலர் ஒருவரிடம் இந்த வாரம் ஃபிஃப்டீன் மோட்டார் வரும் என்று சொன்னேன். கடைசி எழுத்தை நான் விழுங்கியதில் அவர் காதில் அது ஃபிஃப்டி என்று விழுந்திருக்கிறது, அதை நம்பி அவர் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே போய்ச் சேர்ந்தது ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ், பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பில். 12,000 ரூபாய். மேடையேறிப் பேசச் சொன்னார்கள், கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள், தன்னம்பிக்கை வேண்டும் என்றார்கள். தன்னம்பிக்கை எனக்குக் குறைவில்லை, வார்த்தையின் நடுப்பகுதிதான் குறைவு. அதை அங்கே யாரும் கவனிக்கவே இல்லை. மூன்று வாரத்தில் நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் ஸ்பீச் தெரபி. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்துப் போனேன். சிறிய கிளினிக், தெரபிஸ்ட் ஒரு மேடம். முதல் நாள் மதிப்பீட்டுக்கு 1,500, பிறகு 45 நிமிடத்துக்கு 800 ரூபாய்.

அந்த முதல் நாளுக்கே கொடுத்த காசு தகும். முதலில் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். அடுத்து மூன்று ஒலிப்பதிவு: ஒரு பத்தியை வாசிப்பது, ஒரு விஷயத்தைத் தனியாக விவரிப்பது, பிறகு சும்மா பேசிக்கொண்டிருப்பது. மூன்றையும் எனக்கே போட்டுக் காட்டினார். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு வேறு யாரோ பேசுவது மாதிரி. "சார், நீங்க வேகமா பேசறதுகூட பிரச்சினை இல்லைங்க, அந்த வேகம் சீரா இல்லை, திடீர் திடீர்னு பாயுது" என்றார். இதற்கு க்ளட்டரிங் என்று பெயராம். திக்குகிறவருக்குத் தான் எங்கே தடுமாறுகிறோம் என்பது பெரும்பாலும் நன்றாகத் தெரியும், க்ளட்டரிங்கில் பேசுகிறவருக்கே தெரியாமல் போவது சகஜம். கவனித்துப் பேசினால் அந்தச் சில நிமிடம் சரியாகிவிடும், கவனம் நகர்ந்ததும் பழையபடி ஓடும். இத்தனை வருடம் "மெதுவாப் பேசு" என்று எத்தனை பேர் சொல்லியும் ஏன் பயன்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் தமிழை வைத்தே வேலை செய்தது. நம் வினைச்சொற்கள் நீளம். 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம்' என்பதை எல்லோரும் 'அனுப்பிட்டிருக்கோம்' என்றுதான் சொல்கிறோம், அது பேச்சு வழக்கு, அதில் தப்பில்லை. நான் சொன்னது 'அன்ட்ருக்கோம்'. எது வழக்கு, எது விழுங்கல் என்று அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். விரலால் மேஜையில் தட்டித் தட்டி ஒவ்வொரு அசையையும் சொல்ல வைத்தார். செய்தித்தாளில் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கோடு வரும்போது வாயை மூடி மூச்சு விட்டு, அப்புறம் தொடர வேண்டும். கேட்க எளிது, முதல் இரண்டு வாரம் எனக்கு முடியவே இல்லை. அந்தச் சின்ன நிறுத்தம் எனக்குள் ஒரு பெரிய பள்ளம் மாதிரி இருந்தது, அதற்குள் யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள் என்ற பதற்றம்தான் இத்தனை நாள் என்னை ஓட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வீட்டுப்பாடம் உண்டு. தினமும் ஒரு ஆபீஸ் போன்காலில் நான் பேசுவதை மட்டும் பதிவு செய்து, விழுங்கிய வார்த்தைகளை நானே எழுதி வைக்க வேண்டும். முதல் பதிவில் 23. பத்தாவது வாரம் 6. ஒரு நாள் அம்மாவிடம் போனில் பேசும்போது "ஏங்கண்ணு, மேலுக்கு முடியலையா, இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசறே?" என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும், "நீ பேசறது இன்னைக்குத்தான் எனக்கு முழுசாக் கேட்குது" என்றார்கள். சின்ன வயதில் என் நாக்கில் வசம்பு உரசித் தடவியவர் அவர்தான்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் அறை முழுக்கக் குழந்தைகளுக்கானது, சனிக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. கொடுத்த பயிற்சித்தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், கேட்ட பிறகுதான் தமிழில் எழுதிக் கொடுத்தார். வெளியூர் போனபோது இரண்டு முறை வீடியோவில் வந்தேன், நெட் தாமதத்தால் தட்டுவதும் பேசுவதும் ஒட்டவில்லை, நேரில் போவதே நல்லது. என் மெடிக்கல் இன்சூரன்ஸில் இதற்குப் பணம் வரவில்லை, கேட்டுக்கொண்டு போங்கள். முழுக்கச் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், கோபம் வந்தால் இன்றும் பாய்கிறது.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண். அந்தக் கவுன்சிலுக்கான சட்டம் 1992-இல் வந்தது, அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற கேட்டல், பேச்சுக் குறைபாடுகளுக்கான பட்டப்படிப்பு, பயிற்சியோடு சேர்த்து நான்கு வருடம். பலகையில் 'வாய்ஸ் கோச்' என்று மட்டும் இருந்தால் அது வேறு. செலவு கட்டுப்படியாகாதவர்கள் மைசூருவில் இருக்கும் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தை விசாரித்துப் பார்க்கலாம், 1965-இல் தொடங்கியது, பெரியவர்களையும் பார்க்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே காலை 9 மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு கிடைப்பது கஷ்டம். நான் இப்போது மாதம் ஒரு முறை போகிறேன், அடுத்தது நாக்பூர் டீலரோடு ஹிந்தியில் பேசிப் பழக வேண்டும் என்று மேடத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.