மூன்று நாளா, மூன்று மாதமா? அவசரப் பாதுகாப்பு உத்தரவுக்கு எவ்வளவு காலம் தேவை

குடும்ப வன்முறையில் தாக்கியவரை வீட்டிலிருந்து உடனே விலக்கும் அவசர உத்தரவு, எதிர்த்தரப்பை முழுதாகக் கேட்காமலே பிறப்பிக்கப்படுகிறது. அதனால்தான் அதற்குக் காலவரம்பு. அந்த வரம்பை, பாதிக்கப்பட்டவர் அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளை வைத்தே கணக்கிட வேண்டும்: சிகிச்சை, காயச் சான்று, தங்க இடம், பிள்ளைகளின் பள்ளி, சட்ட உதவி, நீண்டகால உத்தரவுக்கான மனு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்வு (அதாவது நோட்டீஸை முறைப்படி சேர்ப்பித்தல்).

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உத்தரவு, பிறப்பித்த நாளுக்குப் பின் மூன்றாம் நாள் இரவு 11.59 வரை. அன்று நீதிமன்ற விடுமுறை என்றால், அடுத்த வேலை நாள் வரை தானாக நீளும். இந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் வியாழன் இரவு பெற்ற உத்தரவு, திங்களன்று நீதிமன்றம் திறக்கும் முன்பே, ஞாயிறு இரவு காலாவதியாகிவிடும். கலிபோர்னியாவில் 5 நீதிமன்ற வேலை நாள் அல்லது 7 நாட்காட்டி நாள், எது முந்துகிறதோ அது. இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்காமல் ‘ஒரு வாரம் இருக்கிறது’ என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு இவ்விரண்டுமே போதாது.

டெக்சாஸ் மறுகோடி. கைதானவர் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படும்போது 31 முதல் 61 நாள் வரை உத்தரவிடலாம்; கொடிய ஆயுதம் காட்டியிருந்தால் 61 முதல் 91 நாள். மூச்சுவிட நேரம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் கைது நடந்தால்தான் இந்த வழி. முழு விசாரணை இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வீட்டுக்கு வெளியே நிறுத்துவதும் சிறிய விஷயமல்ல. நீண்ட உத்தரவு கையில் இருப்பதால் நிரந்தர மனுவைத் தள்ளிப்போடும் ஆபத்தும் உண்டு. கடைசி நாளில் பாதுகாப்பு ஒரேயடியாக அறுந்துபோகும்.

எங்கள் தேர்வு ஆஸ்திரிய முறை. 1997-இல் தொடங்கிய இந்தச் சட்டத்தில், காவல்துறையே அந்த இடத்திலேயே தடை விதிக்கிறது. இப்போது அதன் காலம் 2 வாரம். அதற்குள் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் மனு போட்டால், தடை முடிவு வரும்வரை நீளும். உச்ச வரம்பு 4 வாரம். மனு போட்ட கணமே நீளுவதால் இடைவெளி விழாது, உச்ச வரம்பு இருப்பதால் எதிர்த்தரப்பும் காலவரையின்றிக் காத்திருக்காது. முதல் 3 நாளுக்குள் ஒருமுறையாவது தடை பின்பற்றப்படுகிறதா என்று காவல்துறை பார்க்க வேண்டும் என்ற விதி, நாள் எண்ணிக்கையைவிடப் பயனுள்ளது.

இங்கிலாந்து, வேல்ஸில் 2010 சட்டம் இதையே வேறு விதமாகச் செய்தது: காவல்துறை அறிவிப்பு, 48 மணி நேரத்தில் நீதிமன்றம், பிறகு 14 முதல் 28 நாள் உத்தரவு. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயமில்லை. பயந்து வாய் திறக்காதவருக்கு இது பெரிய துணை. குறை என்னவென்றால், அந்த உத்தரவை மீறுவது தனிக் குற்றமல்ல, நீதிமன்ற அவமதிப்பு மட்டுமே.

இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் சிக்கல் தலைகீழ். 23-ஆம் பிரிவின் இடைக்கால உத்தரவுக்கு நாள் வரம்பே இல்லை. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதைத் தர நடுவரால்தான் முடியும். முதல் விசாரணைக்கு மனு கிடைத்த நாளிலிருந்து 3 நாளுக்குள் தேதி குறிப்பது இயல்பு என்கிறது சட்டம். அடி விழுந்த இரவிலிருந்து அந்தத் தேதி வரையிலான இடைவெளியை நிரப்பத்தான் காவல்துறை தடை போன்ற குறுகிய முதல் படி வேண்டும்.

எந்த முறையானாலும், உத்தரவு கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: முடியும் தேதியும் மணியும், காலம் பிறப்பித்த நேரத்திலிருந்து ஓடுகிறதா, எதிர்த்தரப்புக்குச் சார்வு ஆனதிலிருந்தா, மனு போட்டால் தானாக நீளுமா. நீளாது என்றால் கடைசி நாளுக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். முகவரி தவறு, கையொப்பம் விடுபட்டது என்று மனு திரும்பி வந்தாலும், திருத்திக் கொடுக்க ஒரு நாள் மிஞ்சும்.