திறக்காத தாங்கிக்கு 18,500 ரூபாய்: கரவன் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மார்ச் மாதம், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான எங்கள் கரவனின் சுடுநீர்த் தாங்கியைச் சுத்தம் செய்து பழுது பார்த்ததாகச் சொல்லி ஒருவர் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாங்கியை அவர் திறக்கவே இல்லை. அதைவிடக் கொடியது, தாங்கி வெடிக்காமல் காக்கும் வால்வின் வாயைப் பித்தளை அடைப்பான் ஒன்றால் இறுக மூடிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே நான்கு மாதம் அந்த வண்டிக்குள் ஆட்கள் படுத்து உறங்கினார்கள். ஜூலையில் வந்தது இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில், கோமாரியில் எங்கள் தென்னந்தோட்டத்தில் அந்தக் கரவன் நிற்கிறது. கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வாடகைக்கு விடுகிறோம். இந்த வெயிலில் சுடுநீர் எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். நாள் முழுவதும் கடலில் கிடந்து வருகிறவர்கள் கேட்கிற முதல் பொருள் அதுதான். தாங்கி சிறியது, ஏறத்தாழ 22 லீற்றர். காஸிலும் மின்சாரத்திலும் சூடாகும். உள்ளே பீங்கான் பூச்சுப் பூசிய எஃகு.

மாரி முடிந்ததும் தாங்கியைக் கழுவி வைக்க வேண்டும் என்று தெரியும், எப்படி என்று தெரியாது. வால்விலிருந்து சூடேறும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக நீரும் வடிந்தது. கரவன் வேலை தெரிந்தவர் என்று ஒருவரைத் தெரிந்தவர்கள் அனுப்பினார்கள். நல்ல பேச்சு. “அண்ணன், உப்புத் தண்ணீர் ஊர், உள்ளே கல் கட்டியிருக்கும், கம்பியும் வால்வும் மாற்ற வேண்டும்” என்றார். கம்பி என்றது, தாங்கி துருப்பிடிக்காமல் தானே கரைந்து காக்கும் உலோகக் கோலை. சொன்னதில் பொய்யில்லை. எங்கள் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படியும். வெயிலில் நிற்க வேண்டாம் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து, வெண்மையாகப் பொருமிக் கிடந்த பழைய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். உங்கள் தாங்கியிலிருந்து எடுத்தது என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை.

மாலையில் கரவன் பக்கம் போய்வந்த மாமி, “அங்கே மணல் நனையவே இல்லையே” என்றார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த வகைத் தாங்கியில் நீரை வடிக்கும் துளையை மூடியிருப்பதே அந்தக் கம்பிதான். கம்பியைக் கழற்றினால் 22 லீற்றரும் அந்த வழியாகத்தான் தரையில் கொட்டும். மணல் காய்ந்து கிடந்தது என்றால் கம்பியில் கை வைக்கவில்லை என்று பொருள். மாமிக்கு இதெல்லாம் தெரியாது, கண்ணால் கண்டதைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருந்தால் தாங்கி தப்பியிருக்கும்.

ஜூலைக் கடைசியில் கச்சான் காற்று வீசிய நாட்களில் சுடுநீர் செம்மண் நிறத்தில் வந்தது. இரண்டு நாளில் வண்டியின் தரைப்பலகை ஈரமானது. பொத்துவிலில் படகு எஞ்சின் திருத்தும் முஸ்லிம் அண்ணன் ஒருவரை அழைத்தேன், காக்கா என்போம். கரவனை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. வெளி மூடியைத் திறந்தவர் முதலில் கேட்டது, “தம்பி, இந்த வால்வை அடைத்தது யார்?” என்றுதான். குரல் மாறியிருந்தது. காஸையும் மின்சாரத்தையும் உடனே நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலைவரை எதையும் கழற்றவில்லை.

அந்த வால்வின் தகட்டில் 150 பீ.எஸ்.ஐ. என்றும் 99 பாகை செல்சியஸ் என்றும் பொறித்திருக்கிறது. அழுத்தமோ வெப்பமோ அந்த அளவைத் தொட்டால் அது தானாகத் திறந்து நீரை வெளியே விட வேண்டும். வெப்பத்தை நிறுத்தும் தேமோஸ்டாட் என்றாவது பழுதானால் மிஞ்சுவது அந்த வால்வு ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால் மூடிய தாங்கிக்குள் நீர் கொதிநிலையைக் கடந்தும் நீராகவே சூடேறிக்கொண்டு போகும். தாங்கி கிழியும் கணத்தில் அது ஆவியாகப் பொங்கும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் பிடிக்கும். தாங்கியிலிருந்து இரண்டடி தூரத்தில்தான் பிள்ளைகளின் படுக்கை இருந்தது.

இத்தனைக்கும் அந்த வால்வு பழுதாகியிருக்கவில்லை. சூடேறும்போது நீர் விரியும். கரவனின் குழாயில் ஒருவழி அடைப்பு இருப்பதால் அது பின்னால் போக முடியாது. தாங்கியின் தலைப்பகுதியில் உள்ள காற்றுதான் அந்த விரிவுக்கு இடம் கொடுக்கிறது. நாளாக ஆகக் காற்று நீரோடு கரைந்து போனதும் வால்வு சொட்டத் தொடங்கும். அதற்குச் செலவே இல்லை. ஹீற்றரை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, பம்பை மூடி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீர் வருவது நின்றதும் கைப்பிடியை விட்டால் போதும், காற்று மீண்டும் தங்கிவிடும். அதன்பிறகும் சொட்டினால் புது வால்வு போட வேண்டும். அடைப்பது எந்த நிலையிலும் தீர்வல்ல. எங்கள் தாங்கி நான்கு மாதம் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் அந்த அழுத்தத்தைத் தன் உடம்பில் தாங்கியிருக்கிறது.

மறுநாள் காக்கா 27 மில்லிமீற்றர் சொக்கெட் போட்டுக் கம்பியைக் கழற்றினார். வந்தது கம்பியே இல்லை. சுமார் 9 அங்குலம் இருக்க வேண்டியது, தலையும் ஒரு விரல் நீள மெல்லிய நரம்புமாக வந்தது. அதன் பின்னால் சுண்ணாம்புச் சேறு, கைப்பிடி கைப்பிடியாக. “படகு எஞ்சினில் துத்தநாகக் கட்டி வைக்கிறோமே, உப்பு முதலில் அதைத் தின்னட்டும் என்று, இதுவும் அதேதான் தம்பி. தின்ன எதுவும் மிஞ்சாததால் தாங்கியைத் தின்றிருக்கிறது” என்றார். மக்னீசியத்திலோ அலுமினியத்திலோ செய்யும் அந்தக் கம்பியில் முக்கால் பங்கு கரைந்தவுடன் மாற்றிவிட வேண்டும். எங்கள் தாங்கியின் அடித்தையல் விட்டிருந்தது. ஒட்டிப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை.

எல்லாத் தாங்கியிலும் இந்தக் கம்பி இருக்காது. அட்வுட் என்ற நிறுவனத்தின் தாங்கி அலுமினியம். அதில் நைலோன் அடைப்பான் மட்டும்தான். அதற்கும் கம்பி மாற்றினேன் என்று ஒருவர் பணம் கேட்டால் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கம்பி உள்ளதில், அதன் தலையில் ஸ்பானர் பட்ட புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் பழைய துரு அப்படியே இருந்தது. காஸ் எரியும் குழலுக்குள் குளவி கட்டிய மண்கூடும் அப்படியே இருந்தது; சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்ததற்குக் காரணம் அதுதான். ஆறவிட்டு, வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட்டபின் கம்பியைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெயில் பரவாயில்லை. கழுவியபின் தாங்கி நிரம்பிச் சுடுநீர்க் குழாயில் நீர் சீராக வரும்வரை மின்சாரத்தைப் போட விடாதீர்கள், வெறும் தாங்கியில் மின்சுருள் கருகிவிடும்.

அந்த ஆளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “கடற்கரையில் எல்லாம் துருப்பிடிக்கும் அண்ணன்” என்றார். வால்வை ஏன் அடைத்தாய் என்று கேட்டபோது இணைப்பைத் துண்டித்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் பேசினேன். 2003ஆம் ஆண்டின் சட்டப்படி, சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு நான்கு மாதம் கடந்துவிட்டது, கையில் பற்றுச்சீட்டும் இல்லை. தாங்கிக்கு ஆன செலவை நான் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைகளோடு வந்த அந்தக் குடும்பத்துக்கு நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அவர் இந்தக் கரையோரத்தில் இன்னும் வேலை செய்கிறார். பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ உங்கள் கரவனை யாராவது அண்மையில் பழுது பார்த்திருந்தால், இன்று மாலை ஹீற்றரைப் போடுவதற்கு முன் வெளி மூடியைத் திறந்து வால்வின் வாயைப் பாருங்கள். அது திறந்திருக்க வேண்டும். அடைத்திருந்தால் காஸையும் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். கை வைக்காதீர்கள், காலைவரை ஆறட்டும்.