ஏர்பேக் ரீகால் வேலைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கப் போகிறவர்களும், சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களும், முக்கியமாக அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர் கொண்டுவந்த இணை இறக்குமதி (பிஐ) வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காக்கி புக்கிட் பக்கம் ஒரு பழைய கார் கடையும் அவர்கள் கைகாட்டிய ஒர்க்‌ஷாப்பும் சேர்ந்து, இலவசமாக நடக்க வேண்டிய ஏர்பேக் ரீகால் வேலைக்கு, அதாவது குறையுள்ள பாகத்தைத் தயாரிப்பாளரே மாற்றித் தரும் வேலைக்கு, என்னிடம் 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். காசு போனதைக் கூட விட்டுவிடலாம். வேலையையே செய்யவில்லை.

வண்டி 2010ல் பதிவான ஜப்பானிய ஹேட்ச்பேக், இணை இறக்குமதி, முந்தைய உரிமையாளர் சிஓஇயைப் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று விலை பேசும்போதே கேட்டேன். விற்பனையாளர் நம்ம தமிழ்ப் பையன்தான், மறைக்கவில்லை, அதுதான் சாமர்த்தியம். "அண்ணே, ஏர்பேக் ரீகால் ஒண்ணு பாக்கி இருக்குண்ணே. பிஐ வண்டின்னா ஏஜெண்ட் தொடவே மாட்டான். நம்ம ஒர்க்‌ஷாப்லயே புது பேக் போட்டுக் குடுத்துடுறேன், சாமான் காசு மட்டும் குடுங்க, கூலி வேணாம்" என்றான். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. இணை இறக்குமதி வண்டி என்றால் சில முகவர்கள் இழுத்தடிப்பார்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம், அதனால் கேட்பவருக்குச் சந்தேகம் வராது. ரசீதில் 'ஏர்பேக் ரீகால் சர்வீஸ்' என்றே எழுதினார்கள், ஒர்க்‌ஷாப் முத்திரையும் குத்தினார்கள்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது ஒரு நாடகம் வேறு. சாவியைத் திருப்பினான், டேஷ்போர்டில் சிவப்பு ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தது. "பாத்தீங்களாண்ணே, விளக்கு அணைஞ்சிடுச்சு, புது பேக் நல்லா வேலை செய்யுது." அந்த விளக்கு மின்சுற்றை மட்டும்தான் சோதிக்கிறது. சென்சார், வயர், கனெக்டர் எல்லாம் இணைப்பில் இருந்தால் அணைந்துவிடும். பைக்குப் பின்னால் இருக்கும் இன்ஃபிளேட்டர் குப்பிக்குள், பையை ஊத வைக்கும் வெடிமருந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. டகாட்டா நிறுவனத்தின் பழைய குப்பி உள்ள வண்டியிலும் அது இதே மாதிரி அழகாக அணையும்.

டகாட்டா விவகாரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஏர்பேக்கை ஊத வைக்கும் வாயுவுக்கு அந்த ஜப்பானிய நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தியது, பெரும்பாலானவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கவில்லை. வருஷக்கணக்கில் வெயிலும் புழுக்கமும் மாறி மாறித் தாக்கும்போது மருந்து வில்லைகள் நொறுங்கிப் பொடியாகின்றன, மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகின்றன, உலோகக் குப்பியே வெடித்துச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உயிர் காக்க வேண்டிய பை, மெதுவான மோதலில் கூட ஆளைக் கொன்றிருக்கிறது. 2014ல் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார், மலேசியாவில் அதற்கப்புறமும் மரணங்கள் நடந்தன. அமெரிக்காவில் ரீகாலுக்கு முன்னுரிமை கொடுத்ததே வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான மாநிலங்களுக்குத்தான். நம் ஊர் வருஷம் முழுக்க எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதிலும் எச்டிபி அடுக்குமாடி வீடுகளின் திறந்தவெளி கார்பார்க்கில் நிற்கிற வண்டி. ஹோண்டா, டொயோட்டா, நிசான், மாஸ்டா, பிஎம்டபிள்யூ என்று பட்டியல் நீளம். டகாட்டா 2017 ஜூனில் திவாலானது, ஆனால் குப்பிகள் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி என் பெயருக்கு மாறி சில மாதங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம், உங்கள் வண்டியில் பயணி பக்க ஏர்பேக் ரீகால் நிலுவையில் உள்ளது, உடனே வாருங்கள் என்று. ரசீதை எடுத்துக்கொண்டு அந்த பிராண்டின் அதிகாரபூர்வ முகவருடைய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் லாக் கார்டை (வண்டியின் பதிவு விவரத் தாள்) பார்த்து, வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரைத் தட்டினார், ரீகால் வேலை 'இன்னும் முடிக்கப்படவில்லை' என்றே காட்டியது. என் ரசீதைப் படித்துவிட்டு, "நாங்க இதுக்குக் காசே வாங்குறதில்லையே சார்" என்றார். பிஐ வண்டியாயிற்றே என்றேன். அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை, என் வண்டிக்குத் தயாரிப்பாளர் சாமான் அனுப்புகிறார், அவ்வளவுதான்.

உள்ளே இருந்த சீன அங்கிள் ஒருவர், கோபப்படாமல் பாருங்கள் என்று சொல்லி, க்ளோவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பை மாட்டியிருந்த போல்ட்டுகளின் தலையில் தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, போல்ட்டிலிருந்து தகடு வரைக்கும் விரிசலே இல்லாமல் அப்படியே நேராக ஓடியது. ஒரு தடவை ஸ்பேனர் பட்டிருந்தாலும் அந்தக் கோடு உடைந்திருக்கும். மேலே கெட்டியாகத் தூசி, அதற்குள் பழைய ஐந்து காசு ஒன்று, எந்தக் காலத்தில் விழுந்ததோ. அந்த இருக்கையில்தான் என் மனைவி தினமும் உட்கார்ந்து வேலைக்கு வந்தார், சில நாள் மடியில் பையனோடு வரலாமா என்று கேட்டு என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

சாமான் வந்ததும் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு காசு வாங்கவில்லை. புதுக் குப்பியின் எண்ணை என் சேசிஸ் எண்ணோடு சேர்த்துப் பதிந்ததையும் காட்டினார்கள். இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ரீகால் முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் தகுதி தயாரிப்பாளரின் பதிவுக்கு மட்டும்தான் உண்டு. தெருமுனை ஒர்க்‌ஷாப் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் அதில் எழுத முடியாது. வருடாந்திரச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள், அங்கே பிரேக், விளக்கு, டயர், புகை பார்ப்பார்கள், ஏர்பேக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

வாங்கும் முன்பே பார்க்க வழி இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன் மோட்டோரிங் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ரீகால் விவரம் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து நேரே வந்த இணை இறக்குமதி வண்டி என்றால் லாக் கார்டில் சேசிஸ் எண் 17 எழுத்தில் இருக்காது, மாடல் குறியீடு, அப்புறம் கோடு, அப்புறம் எண் என்று குட்டையாக இருக்கும், அதைத் தயாரிப்பாளரின் ஜப்பான் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம், பக்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டால் போதும். இன்னொன்று, 'முன்னாடியே ஒரு தடவை மாத்தியாச்சு' என்றாலும் விடாதீர்கள். ஆரம்ப வருஷங்களில் சாமான் தட்டுப்பாட்டில் அதே வகை மருந்து உள்ள குப்பியையே தற்காலிகமாகப் போட்ட வண்டிகள் உண்டு, அவற்றுக்கு மறுபடி மாற்ற வேண்டும். ஏர்பேக் மட்டும் என்றும் நினைக்காதீர்கள், டென்சோ நிறுவனத்தின் எரிபொருள் பம்பு ரீகாலும் பெரியது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். பிஐஇ விரைவுச்சாலையில் நடுத்தடத்தில் அது நடந்தால் என்ன ஆகும்!

கடைக்குத் திரும்பிப் போனேன். விற்பனையாளர் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, "அது டயக்னாஸ்டிக் சார்ஜ்ணே, ரசீதுல தப்பா எழுதிட்டாங்க" என்றான். முதலாளி வந்து இலவச சர்வீசிங் கூப்பன் தருகிறேன் என்றார். அதே ஒர்க்‌ஷாப்பில்! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டர் கொடுத்த வேலைத்தாள், க்ளோவ் பாக்ஸுக்குள் எடுத்த படம், ரசீது மூன்றையும் வைத்துச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் மனு போட்டேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வாடிக்கையாளரிடம் 10 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அழைப்பாணை போனதும் முதலாளியின் குரலே மாறிவிட்டது, 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முழுப் பணமும் திரும்ப வந்தது. கொடுப்பதற்கு முன் அசல் ரசீதைத் திருப்பிக் கொடுங்கள், கணக்குக்கு வேண்டும் என்று கேட்டார்கள், நகல்தான் கொடுத்தேன். உங்களிடம் 'ஏர்பேக் ரீகால்' என்று எழுதி விலை போட்ட ரசீது இருந்தால், முதலில் சேசிஸ் எண்ணைச் சரிபாருங்கள், அதுவரை அந்தப் பக்க இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், ரசீதின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.