பழைய வண்டியும் டெம்பரேச்சர் கன்னும்: சில வருட அனுபவம்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இன்ஜின் சூடேறும் தொல்லை எப்படியும் வந்து சேரும். கேட்டால் ஆளுக்கொரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள்: தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டரே. எதையும் கழற்றுவதற்கு முன் சூடு எங்கே நிற்கிறது என்று பார்க்க, தொடாமலே வெப்பநிலை காட்டும் டெம்பரேச்சர் கன் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். என் கார்புரேட்டர் வண்டியின் வேலையில் அதிகம் உழைத்த கருவி அதுதான். (நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் வகை இதற்கு ஆகாது. அது நாற்பது சொச்சம் டிகிரியோடு நின்றுவிடும்.)

முதலில் பிடிபட்ட கோளாறு டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் மீட்டரில்தான். முள் சிவப்பில் நிற்கும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கன்னைப் பிடித்தால் 88 டிகிரிதான் இருக்கும். பெட்ரோல் முள்ளும் டேங்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டியதால் சந்தேகம் டேஷ்போர்டுக்குப் பின்னால் போனது. இரண்டு முள்ளுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு) சரியாக இல்லை. துரு சுரண்டி இறுக்கியதும் முள் இறங்கிவிட்டது.

ஆனால் நிஜமான சூடும் இருந்தது. நின்று ஓடும்போது ஒன்றுமில்லை. வேகமாகக் கொஞ்ச தூரம் போனால் ஏறும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேனையும் அதன் உறையையும் பார்க்கலாம். ஓட்டத்தில் ஏறினால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டரில் ஆறவில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரை மேலிருந்து கீழாக வரிவரியாக அளந்தேன். நடுவில் படிப்படியாகக் குறைந்த எண், ஒரு ஓரத்தில் மட்டும் சட்டென்று விழுந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை. மேல் டேங்கைத் திறந்து கம்பி விட்டபோது துருச் செதில்கள் கொட்டின.

அத்தோடு மூடியிருந்தால் அடைப்பு மறுபடி வந்திருக்கும். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டையை மூடியிருக்கும் கோர் பிளக் என்ற தகட்டைக் கழற்றினால், கடைசி சிலிண்டரைச் சுற்றி அடியில் செம்மண் மாதிரி துருச்சேறு இறுகிக் கிடந்தது. ஃப்ளஷ் திரவத்துக்கெல்லாம் அது அசையாது. கம்பியால் குத்திக் குத்தி, ஹோஸ் தண்ணீரால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். புது ரேடியேட்டர் போட்டும் சூடு நிற்காத வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

தெர்மோஸ்டாட்டுக்கும் கன் உதவும். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்து, இன்ஜின் 82 டிகிரி வாக்கில் வரும்போது மளமளவென்று ஏறினால் அது திறக்கிறது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிடும் வைத்தியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

குறைகள்? பளபளக்கும் அலுமினியம், பித்தளை, குரோம் மேல் இது குறைத்துக் காட்டும். அங்கெல்லாம் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கிறேன். லேசர் புள்ளியையும் நம்பக் கூடாது. 12:1 என்று போட்டிருந்தால், 12 அங்குலம் தள்ளி நின்றால் ஓர் அங்குல வட்டத்தின் சராசரிதான் வரும். ஆகவே கிட்டே போக வேண்டும். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) கசிவை இது சொல்லாது. அதற்கு ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனைதான். எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாக மாறும். மூடியைத் திறப்பதெல்லாம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு.

வாங்குபவர்கள் 300 டிகிரிக்கு மேல் அளப்பதாகவும், எமிசிவிட்டியை (பரப்பு வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் அளவு) மாற்ற முடிவதாகவும் பார்த்து எடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் அளக்க அது தேவைப்படும்.